ஜெட்டிவரை ஓட்டிப் பாராத வண்டி

அவள் பெயர் அமுதம். தீவுத் துறையான ஜங்லிகாட்டின் மீன்சந்தையிலிருந்து மேட்டுக்கு ஏறும் சாலையின் இரண்டாம் வளைவில் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தாள். வயது ஐம்பத்திரண்டு. காலையில் தகரக் கதவைத் தூக்கியதும் மழைநீர் பிடிக்கும் நீல நிறப் பீப்பாயை எட்டிப் பார்ப்பாள்; பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கணவரின் பழைய காக்கிச் சட்டையை அதன்மேல் மாட்டிக்கொள்வாள். எந்த வண்டி வந்தாலும் முதலில் சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக் காதைக் கொண்டுபோய் அருகில் வைப்பாள். கண்ணால் பார்ப்பது அதற்குப் பிற்பாடுதான்.

இவற்றைக் காட்டிலும் ஊரறிந்த பழக்கம் ஒன்று அவளுக்கு உண்டு. பழுதுபார்த்த வண்டியை உரியவரிடம் ஒப்படைக்குமுன், தானே அதில் ஏறி இறக்கத்தில், படகுகள் அணையும் ஜெட்டிவரை செல்வாள். மீன்பெட்டிகளை இறக்கும் மேடைக்கு ஒரு முழம் முன்னே இரண்டு பிரேக்கையும் அழுத்தி நிறுத்துவாள். ஒரு கணம் கடலைப் பார்ப்பாள், திரும்பி ஏறிவருவாள். சிறுபிள்ளைகளின் வண்டியாயினும், முழங்கால் இரண்டும் நெஞ்சில் இடிக்க, அந்தப் பயணம் தவறாது. மேடையில் நிற்பவர்கள், அமுதக்கா வருகிறாள், பெட்டியை நகர்த்து என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், ஆனால் பிரேக்கை அழுத்தும் கணத்தில் மட்டும் அவள் முகத்தில் சிரிப்பு இராது.

கணவர் வேதநாயகம் சாத்தம் மரவாடியில் ரம்பம் தீட்டும் வேலையில் இருந்தார். இருவரின் முன்னோரும் தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்தவர்கள். ஒரே மகள் ஜோஸ்லின், இருபத்தாறு வயது, தனியார் பள்ளியொன்றில் விளையாட்டு ஆசிரியை. அவளுக்குச் சைக்கிள் பந்தயத்தில் பித்து.

தார்ச்சாலைக்கும் காட்டுப்பாதைக்கும் பொதுவாகச் செய்யப்பட்ட, வளைந்த பிடியும் அகன்ற டயரும் உடைய கிராவல் சைக்கிள் இத்தீவுகளுக்கு அண்மையில்தான் வந்தது. அதை வாங்கிய இருபது முப்பது பேர் கூடி ஒரு கிளப் அமைத்து, ஆண்டுக்கொருமுறை மழைக்காலத்தின் நடுவே பந்தயம் நடத்தினர். பம்பூஃப்ளாட்டில் புறப்பட்டு, ஃபெரார்கஞ்ச், சௌல்தாரி என்று சுற்றிவரும் நூற்றிருபது கிலோமீட்டர். பாதிக்குமேல் மண்பாதை. மேட்டிலே செம்மண், பள்ளத்திலே சாம்பல் நிறக் களிமண். செம்மண் கரைந்து ஓடிவிடும். களிமண்ணோ டயரில் ஏறி, பிசைந்த மாவுபோல் உருண்டு, சக்கரத்தையே இறுக்கிக்கொள்ளும். வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் தமிழரும் கலந்து வாழும் இவ்வூரில் அச்சேற்றுக்கு எல்லாரும் வழங்கும் பொதுப்பெயர் ‘கீச்சட்’.

கீச்சடுக்கு வண்டியை ஆயத்தம் செய்வதில் அமுதத்தை மிஞ்ச ஆளில்லை. படகு இன்ஜினுக்கு இடும் பச்சைக் கிரீஸைச் சக்கர அச்சின் வாயில் விரலால் அப்புவாள். உப்புக்காற்றுக்கே அசையாதது சேற்றுக்கா அசையும் என்பது அவள் கணக்கு. பழைய டியூபை வெட்டி, சீட்டுத் தண்டின் அடியில் சேறு புகும் துளையைக் கட்டுவாள். டயரில் காற்றைக் கட்டைவிரல் சற்றே அமிழுமளவு குறைத்து வைப்பாள். எனினும் அவள் கையால் ஆகாத காரியம் ஒன்று இருந்தது. அது பிரேக் பேடு.

சக்கரத்தின் நடுவிலுள்ள இரும்புத் தட்டை இருபுறமும் கவ்வி நிறுத்தும் சிறு சில்லே பேடு. கறுப்பு நிறச் சாதாப் பேடு வெயில் காலத்தில் ஆறு மாதம் உழைக்கும்; ஜல்லித்தூள் கலந்த சேற்றிலோ ஐம்பது அறுபது கிலோமீட்டரில் தேய்ந்து வெறுந்தகடாகிவிடும். உலோகத்தூளை இறுக்கிச் செய்த மெட்டல் பேடுதான் நூற்றிருபதும் தாங்கும். அது தீவில் கிடைப்பதில்லை, மெயின்லேண்டிலிருந்து வரவேண்டும்.

சென்ற ஆண்டு ஜோஸ்லின் சாதாப் பேடோடு ஓடினாள். எண்பதாம் கிலோமீட்டரில் பிரேக் முற்றிலும் போயிற்று. இறக்கங்கள் அனைத்திலும் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்து, பின்தொடர்ந்த ஆம்புலன்ஸுக்கு முன்னால் கடைசி ஆளாக வந்து சேர்ந்தாள். மறுநாள் மீன்சந்தையில் மீன் விற்கும் மரகதம் என்பவள், கூடையைச் சரிசெய்தபடியே அமுதத்திடம் கேட்டாள்:

“என்னக்கா, மக சைக்கிள் ஓட்டப் போனாளா, மேய்க்கப் போனாளா? கயித்தப் புடிச்ச மாதிரில்லா கூட்டியாந்தாளாம்.”

சுற்றி நின்றவர்களோடு சேர்ந்து அமுதமும் சிரித்தாள். ஆனால் அதன்பிறகு மூன்று வாரம் சந்தைப்பக்கம் போகவில்லை. வீட்டில் கருவாடே குழம்பாயிற்று. வேதநாயகம் தட்டைப் பார்த்து, சூரைமீன் உனக்கு என்ன பாவம் செய்தது என்று கேட்டுப் பார்த்தார். மெக்கானிக்கின் மகள் பிரேக் இல்லாமல் நடந்துவந்தாள் என்ற சொல் அவள் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

ஆகவே இவ்வாண்டு இரண்டு மாதம் முன்னதாகவே சென்னைக் கடைக்குச் சொல்லி வைத்திருந்தாள். விமானத்தில் அனுப்ப வேண்டியதைக் கடைக்காரன் கப்பலில் போட்டுவிட்டான். கப்பலோ வானிலை சரியில்லையென்று துறைமுகத்திலேயே நின்றது.

இந்நிலையில்தான் நந்தகுமார் தன் வண்டியைக் கொண்டுவந்து விட்டான். அரசு அலுவலகமொன்றில் எழுத்தர், முப்பத்தைந்து வயது. கிளப்பில் பாதை காட்டும் முன்னோடி அவனே. அதற்கு அடையாளமாகக் கழுத்தில் எப்போதும் ஒரு மஞ்சள் விசில் தொங்கும். வேகக்காரன் அல்லன், நிதானக்காரன். அவன் மைத்துனன் விமானத்தில் வரும்போது வாங்கிவந்த மெட்டல் பேடுகளை உறை பிரிக்காமலே அமுதத்தின் கையில் கொடுத்து, மாலையில் வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனான்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. நண்பகலில் மழை தகரத்தின்மேல் கொட்டியது. கணவர் வேலையில், மகள் பள்ளியில். நந்தகுமாரின் வண்டியும் ஜோஸ்லினின் வண்டியும் பக்கத்துப் பக்கத்துக் கொக்கிகளில் தொங்கின. அமுதம் உறையைப் பிரித்தாள். நான்கு சில்லுகளும் செம்பு நிறத்தில் மின்னின.

வெள்ளிக்கிழமை கப்பல் வந்துவிடும் என்று எண்ணினாள். புதுப் பேடு தட்டோடு பழகச் சில நாள் ஓட்டம் வேண்டும், ஜோஸ்லின் பழகட்டும். கப்பல் வந்ததும், ஒருமுறை பார்க்கவேண்டும் கொண்டுவா என்று நந்துவை அழைத்து, தனக்கு வரும் மெட்டல் பேடுகளை அவன் வண்டியில் போட்டுவிடலாம். பொருளுக்குப் பொருள் சரியாகிவிடும். இவ்வாறெல்லாம் எண்ணி முடிக்குமுன்னரே அவள் கைகள் அச்செம்புச் சில்லுகளை மகளின் வண்டியில் பொருத்தியிருந்தன. நந்தகுமாரின் வண்டிக்குக் கடையிலிருந்த சாதாப் பேடுகள் ஏறின. உள்ளே பொருந்திவிட்டபின் வெளியிலிருந்து வேற்றுமை தெரியாது.

அன்று அவள் அவ்வண்டியை ஜெட்டிவரை ஓட்டவில்லை. மழை கடுமை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதனினும் கடுமையான மழையில் அவள் ஓட்டியதுண்டு.

மாலையில் நந்தகுமார் வந்து, விளையாட்டாகவே கேட்டான்:

“ஜெட்டி வரைக்கும் போயிட்டு வந்தாச்சாக்கா?”

“போயிட்டு வந்தாச்சு தம்பி,” என்றாள் அமுதம், கைகளைத் துணியில் துடைத்தவாறே.

வெள்ளிக்கிழமை கப்பல் வரவில்லை. அடுத்த வியாழனுக்குத்தான் என்று செய்தி வந்தது. சனிக்கிழமை அவள் இருமுறை கைபேசியை எடுத்தாள், நந்தகுமாரின் எண்ணைப் பார்த்தாள், வைத்துவிட்டாள். ஞாயிறன்று கிளப்பார் பன்னிருவர் பாதையை ஒத்திகை பார்க்கச் சென்றனர். பந்தயம் அதற்கடுத்த ஞாயிறு.

பகல் இரண்டு மணிக்கு ஜோஸ்லின் திரும்பி வந்தாள். தலைமுதல் கால்வரை சாம்பல் நிறச் சேறு. கண்ணும் பல்லும் மட்டுமே தெரிந்தன. முழங்கையில் சிராய்ப்பு இருந்தது. பீப்பாயிலிருந்து மொண்டு மொண்டு அமுதம் ஊற்ற, சேறு கரைந்து ஓடும்போதே அவள் செய்தியைச் சொன்னாள். சௌல்தாரிக்கு முன்னாலுள்ள நீண்ட இறக்கத்தில் நந்தகுமார் முன்னே சென்றிருக்கிறான். பாதி இறங்கியதும் அவன் வண்டி நிலைகொள்ளாமல் பாய்ந்து, வளைவில் திரும்பாமல் பாக்குத் தோப்பில் புகுந்து, மரத்தில் மோதிவிட்டது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. இவள்தான் அவனைத் தாங்கி மேட்டுக்குக் கொண்டுவந்தாளாம். அப்போது பட்டதே அச்சிராய்ப்பு.

“அவரு பின்னாலயே நானும் இறங்குனேம்மா. எனக்கு கல்லு மாதிரி நின்னுச்சு. சாதாப் பேடுலயே எப்படிட்டி இறங்குனன்னு எல்லாரும் கேட்டாங்க. எங்கம்மா போட்டது அப்படின்னேன்.”

அமுதத்தின் கையிலிருந்த செம்பு ஒரு கணம் நின்றது. பிறகு நீர் ஊற்றியது.

“எலும்பு கூடிருமா?” என்று மட்டும் கேட்டாள்.

“ஆறு வாரம் ஆகுமாம். பாவம்மா. கிளப்புல ஒருத்தன் விடல. சாதாப் பேடுல ஒரு பொம்பளப்பிள்ள இறங்கிட்டா, நீ மெட்டல் போட்டும் விழுந்துட்டியே, கியா யார், என்னப்பா இதுன்னு சிரிக்கானுவ. அவரு தலயக் குனிஞ்சே உக்காந்திருந்தாரு.”

அன்றிரவு அமுதம் உண்டாள், உறங்கினாள். அவ்வாறு உண்ணவும் உறங்கவும் முடிந்ததே என்ற எண்ணம் காலையில் அவளைச் சுட்டது.

புதன்கிழமை முற்பகல் ஓர் ஆட்டோ வந்து நின்றது. இடது கையைத் துணியில் தொங்கவிட்டபடி நந்தகுமார் இறங்கினான். அவன் மனைவி உமா மகேஸ்வரி ஒரு பாத்திரத்தோடு இறங்கினாள். உடைந்த வண்டியை ஆட்டோக்காரன் இறக்கி வைத்தான். முன்சக்கரம் நெளிந்திருந்தது, களிமண் காய்ந்து வெடித்திருந்தது. அமுதம் முக்காலியை நகர்த்திப் போட்டாள். ஜோஸ்லின் தாங்கிவந்ததற்காகப் பால்கொழுக்கட்டை செய்து கொண்டுவந்ததாக உமா சொன்னாள். அமுதம் அப்பாத்திரத்தை இரு கைகளாலும் வாங்கினாள். எங்கே வைப்பதென்று தெரியாமல் சற்று நேரம் பிடித்துக்கொண்டே நின்றாள்.

நந்தகுமார் தயங்கித் தயங்கிப் பேசினான்.

“உங்ககிட்ட சாரி சொல்லணும்னுதான் வந்தேன்க்கா. நீங்க போட்டுக் குடுத்த வண்டி விழுந்துச்சுன்னா உங்க பேருதான் கெடும். நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், அக்கா வேலையில குத்தமில்ல, என் கைதான் சரியில்லன்னு.”

“எதுக்குத் தம்பி அதெல்லாம்,” என்றாள் அமுதம்.

“இல்லக்கா. ஃபெரார்கஞ்ச் தாண்டும்போதே பிரேக்குல ஏதோ சத்தம் வந்துச்சு. கர்ருனு. சாதாவா இருந்தா அப்பவே திரும்பிருப்பேன். மெட்டல்தானே, அக்கா போட்டதுதானே, தாங்கும்னு போனேன். அப்புறம் யோசிச்சா, நான்தான் இறக்கம் பூரா பிரேக்கை அழுத்திக்கிட்டே போயிருக்கணும். பயந்தாங்கொள்ளி ஓட்டுற மாதிரி.”

உமா மகேஸ்வரி கணவனைப் பாராமலே சொன்னாள்: “நானும் ரொம்பத் திட்டிட்டேன்க்கா. ஆஸ்பத்திரியிலயே வச்சுத் திட்டுனேன். கூட வந்த பொண்ணு இறங்குது, உங்களுக்கு என்னன்னு கேட்டேன்.”

சனிக்கிழமை மாலை கிளப்பின் கூட்டம் என்றும், அங்கே முன்னோடியின் விசிலைக் கிளப்பிலுள்ள அஸ்வினிடம் கொடுத்துவிடப் போவதாகவும் நந்தகுமார் தெரிவித்தான். வண்டியைச் சரிசெய்து, ஓட்டத் தெரிந்த யாருக்காவது கொடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டான். தனக்கு இனி வேண்டாம் என்று சொல்லும்போது அவன் சிரிக்க முயன்றான். ஆட்டோ ஏறுமுன், ஜோஸ்லின் இம்முறை முதலாவதாக வருவாள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னான்.

அவர்கள் போனபின் அமுதம் கதவைப் பாதி இறக்கினாள். நெளிந்த வண்டியைக் கொக்கியில் மாட்டிப் பேடுகளைக் கழற்றினாள். நான்கும் வெறுந்தகடு, கறுப்பு நிறம் ஒரு துளியுமில்லை. தகடு இரும்புத் தட்டோடு உரசியதில் ஓரங்கள் நீலம் பாரித்திருந்தன. அவற்றை ஒரு பழைய பவுடர் டப்பாவில் போட்டு மூடினாள்.

வியாழனன்று கப்பல் வந்தது, பார்சலும் வந்தது. நந்தகுமாரின் வண்டிக்கு வேறு சக்கரம் கோத்து, கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டி ஓசை பார்த்து நேராக்கினாள். புதிய செம்புச் சில்லுகளை அதில் பொருத்தினாள். இப்போது அவன் வண்டியில் அவனுக்கு உரியது இருந்தது. இனி உலகில் எவர் வந்து பிரித்துப் பார்த்தாலும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. பவுடர் டப்பா ஒன்றே மிச்சம்.

வெள்ளிக்கிழமை காலை அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கடலில் எறிந்துவிட ஜெட்டிக்கு நடந்தாள். நீர் கலங்கிக் கிடந்தது. கூடையோடு எதிரே வந்த மரகதம், அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“என்னக்கா, நடந்து வாரிய? சைக்கிள் இல்லாம வந்தா ஆளு அடையாளமே தெரியல. மகளுக்கு இந்தத் தடவ பிரேக் நல்லா புடிக்குன்னு ஊரெல்லாம் பேச்சு. ஒங்க கை கைதான்.”

ஓராண்டாக அமுதம் கேட்க விரும்பிய சொல் அதுதான். அது காதில் விழுந்ததும் அவளுக்கு முகம் எரிந்தது. பையிலிருந்த டப்பாவை எடுக்கவில்லை. அரைக்கிலோ மீனை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

சனிக்கிழமை வேதநாயகம் அரைநாளோடு வீடு வந்தார். மகளின் பந்தயத்திற்காக வீடு முழுதும் பரபரப்பாக இருந்தது. அவித்த மரவள்ளிக்கிழங்கை உப்பும் மிளகும் போட்டு உருட்டி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள் ஜோஸ்லின், வழியில் தின்பதற்கு. கொடியில் அவள் பந்தய உடை காயாமல் தொங்கியது. வெளியே தூறல் விட்டு விட்டுப் பெய்தது. மூவரும் மீன்குழம்போடு சோறு உண்ண அமர்ந்தபோது, பேச்சு நந்தகுமாரைப் பற்றி வந்தது.

வேதநாயகம் சோற்றைப் பிசைந்தவாறே சொன்னார்: “ரம்பத்துக்குப் பல்லு நல்லா இருந்தா ஆச்சா? புடிக்க ஆளுக்குக் கை வேணும்லா. அந்தப் பையனுக்கு மெட்டலு என்ன, தங்கத்துலயே போட்டுக் குடுத்தாலும் கீச்சடுலதான் கெடப்பான்.”

“அவன் கையச் சொல்லாதிய,” என்றாள் அமுதம்.

அவள் சொன்ன விதம் இருவரையும் நிமிர்ந்து பார்க்கச் செய்தது. பிறகு ஜோஸ்லின், தட்டில் விரலால் கோடிழுத்தபடி, பல நாளாக மனத்தில் வைத்திருந்ததைக் கேட்பவள்போல் கேட்டாள்:

“நந்தண்ணன் வண்டிய முடிச்சு ரெண்டு நாளாச்சே. நீ ஏம்மா இன்னும் ஜெட்டிக்குக் கொண்டு போகல? போன தடவையும் நீ போகலன்னு சந்தையில சொன்னாங்க. நான் நம்பல.”

அமுதம் எழுந்து கை கழுவினாள். காக்கிச் சட்டைப்பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்து மகளின் முன்னால் கவிழ்த்தாள். நான்கு தகடுகள் தரையில் விழுந்து ஒலித்தன.

“அவன் வண்டியில இருந்தது இது. சாதா. அவன் குடுத்த மெட்டல் ஒன் வண்டியில இருக்கு. நான்தான் மாத்துனேன்.”

ஜோஸ்லின் எழுந்து கடைப்பக்கம் போனாள். தன் வண்டியின் சக்கரத்தருகே குந்தி, கைபேசி விளக்கை அடித்து, தட்டின் இடுக்கில் உற்றுப் பார்த்தாள். செம்பு நிறம் மெல்லிய கோடாகத் தெரிந்தது. விளக்கை அணைத்தபின்னும் அவள் எழவில்லை.

“அன்னைக்கு மேட்டுல வச்சு எனக்குக் கை தட்டுனாங்கம்மா,” என்றாள். “அவரு அங்கதான் உக்காந்திருந்தாரு. அவரும் ஒத்தக் கையால தொடையில தட்டுனாரு.”

அமுதம் நிலைப்படியில் நின்றாள். மகளின் முதுகைத்தான் பார்க்க முடிந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

வேதநாயகம் உண்ட கையோடு வந்து நின்றார். தாழ்ந்த குரலில் ஒரு வழி சொன்னார். நந்தகுமாரின் வீட்டுக்குப் போய், அவனிடம் மட்டும் தனியே சொல்லிவிடலாம். அவன் நல்லவன், வெளியில் விடமாட்டான். பெண்ணின் பந்தயம் விடிந்தால் நடக்கவிருக்கிறது. கடையும் இருக்கிறது, முப்பது பேர் இவளை நம்பி வண்டி விடுகிறார்கள்.

“சபையில போயி எதுக்குட்டி? பின்னால எவன் வண்டி கொண்டாருவான்?”

“அவன் சபையிலதான தல குனிஞ்சான்,” என்றாள் அமுதம். “பெஞ்சாதி வாயிலயும் பேச்சு வாங்கியிருக்கான். எனக்கு ஒரு தடவ மரகதம் சொன்னதே ஒரு வருசம் தாங்கல.”

வேதநாயகம், கையில் சோறு காய்ந்துகொண்டிருப்பதை அப்போதுதான் கண்டவர்போல், பீப்பாயடிக்குப் போனார்.

அமுதம் தகடுகளைப் பொறுக்கி மீண்டும் டப்பாவில் போட்டாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். நந்தகுமாரின் வண்டியைக் கொக்கியிலிருந்து இறக்கி, சீட்டைத் தன் உயரத்துக்குத் தாழ்த்தி, சக்கரத்தைச் சுழற்றிக் காதை அருகில் வைத்தாள். ஓசை சுத்தமாக இருந்தது. வண்டியை வாசலுக்கு உருட்டிவந்து, மகளின் பக்கம் திரும்பினாள்.

“நாளைக்கு ஓட்டுறதும் ஓட்டாததும் ஒன் இஷ்டம் ஜோஸ்லின். நான் இத ஜெட்டி வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு, அப்படியே கூட்டத்துக்குப் போறேன். எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டு வாரேன்.”